முழங்கால் உயரத்துப் பூக்கள்

விழித்தபோது வலது காலின் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஒரு நந்தியாவட்டைப் பூ இருந்தது.

வேணி அதைப் பஞ்சு என்று நினைத்தாள். முப்பத்து நான்கு வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவளுக்கு, வெள்ளையாக எது கிடந்தாலும் முதலில் பஞ்சுதான் நினைவுக்கு வரும். குனிந்து எடுத்தாள். ஈரமாக இருந்தது. காம்பின் நுனியில் பால் கசிந்து விரலில் பிசுபிசுத்தது. பறித்து ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அவள் வீட்டில் செடி கிடையாது. திருச்சி கே.கே. நகரில் அந்த வீட்டை வாங்கியபோதே வாசல் முழுக்க சிமெண்ட் போட்டிருந்தது. பூஜை அலமாரியில் பூ வைத்துப் பதினோரு நாளாகிறது. எழுந்து போய் முன்கதவைப் பார்த்தாள், பின்கதவைப் பார்த்தாள். இரண்டும் உள்ளே தாழிட்டபடி இருந்தன. ஜன்னல்களில் கொசுவலை கிழியாமல் இருந்தது.

குப்பைக்கூடை வரை போனவள் பூவைப் போடாமல் உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். யாரோ பார்த்துவிடுவார்கள் என்பதுபோல. வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. ஆனாலும் பூ என்று வந்துவிட்டால் அவள் கை அப்படித்தான் மூடிக்கொள்ளும். இரண்டு வருஷப் பழக்கம்.

ஓய்வு பெற்ற பிறகு தினமும் விடியலில் ஐந்து மணிக்கு நடக்கப் போவாள். போகும்போது இடுப்பில் மடித்துச் செருகிய ஒரு துணிப்பை இருக்கும். வரும்போது அதில் பூ இருக்கும். மூன்று தெரு தள்ளி ரெங்கம்மாளின் வீடு. அந்தத் தெருவிலேயே தோட்டம் இருந்த வீடு அது ஒன்றுதான். முதலில் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே தொங்கியதை மட்டும் பறித்தாள். பிறகு சுவருக்கு மேலே கை போனது. பிறகு கேட்டின் கொக்கியைச் சத்தமில்லாமல் தூக்கக் கற்றுக்கொண்டாள். சாமிக்குத்தானே என்று சொல்லிக்கொள்வாள். உண்மையில், குளித்துவிட்டு ஈரத் தலையோடு அலமாரியின் முன் நின்று படங்களுக்கு ஒவ்வொன்றாகப் பூ வைக்கும் அந்தப் பத்து நிமிஷம்தான் அவளுடைய நாளில் யாரோ அவளைப் பார்க்கிற நேரமாக இருந்தது.

ரெங்கம்மாளுக்கு எழுபத்தாறு வயது. கணவர் போய்ப் பல வருஷமாகிறது. ஒரே மகள் சிங்கப்பூரில். தன் தோட்டத்துப் பூவை அவள் பறிக்கவே மாட்டாள். செடியில் இருக்கும்போதே அது சாமி முன்னால்தான் இருக்கிறது என்பாள். ஒருநாள் பால் பூத்தில் நாலு பெண்களுக்கு நடுவே நின்று சொன்னாள்.

“எவளோ ஒருத்தி தெனம் வந்து மொட்டையடிச்சுட்டுப் போறா. வெள்ளப் பூ ஈஸ்வரனுக்கு, மனசு அடங்கறதுக்கு வெக்கறது. செவப்பு அம்மனுக்கு, தைரியத்துக்கு. திருடிட்டுப் போயி வெச்சா எங்கேருந்து அடங்கும், எங்கேருந்து வரும்?”

“நாலு பூ வாங்க வக்கில்லாதவங்க. என்ன பொறப்போங்க,” என்றாள் வேணி.

“விடுங்க சிஸ்டரம்மா. செடி என்னுது. எவ வெச்சுக் கும்பிட்டாலும் புண்ணியம் எங்கிட்டதான் வந்து சேரும். அவளுக்குக் கை வலிதான் மிச்சம்.”

பெண்கள் சிரித்தார்கள். வேணியும் சிரித்தாள். இடுப்பில் செருகிய பையிலிருந்து செம்பருத்தியின் ஈரம் புடவை வழியாக வயிற்றில் பட்டுக்கொண்டிருந்தது.

அது நடந்து மூன்று மாதம் கழித்து, ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை. இரவு முழுக்கப் பெய்த மழை நாலு மணிக்கு விட்டிருந்தது. பவழமல்லி மரத்தடியில் பூ உதிர்ந்து தரை தெரியாமல் கிடக்க, ஈர மண்ணும் அந்த வாசனையும் ஒன்றாகி மூச்சில் தடித்து இறங்க, தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் ஒவ்வொரு இலையின் நுனியிலும் ஒரு சொட்டு நின்றுகொண்டிருக்க, வேணி பை பாதி நிறையும்வரை பறித்தாள். நந்தியாவட்டையின் கடைசிக் கிளைக்குக் கை நீட்டியபோது ஜன்னலுக்கு உள்ளேயிருந்து, தரையோடு தரையாக ஒரு குரல் வந்தது.

“பூப்பறிக்கிற அம்மா…”

வேணி அசையவில்லை.

“போயிடாதீங்க. விழுந்துட்டேன். எழுந்திருக்க முடியல. ராத்திரிலேருந்து உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டுக் கெடக்கறேன். நீங்க வருவீங்கன்னு தெரியும். நான் யாருன்னு கேக்கமாட்டேன். யாருகிட்டயும் சொல்லமாட்டேன். கொஞ்சம் உள்ளாற வாங்களேன்.”

இடுப்பு எலும்பு. குரலை வைத்தே வேணிக்குத் தெரிந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னால் மூச்சை நிறுத்தி வலிக்கு வழிவிடும் அந்தப் பேச்சு. அந்தக் குரலைக் கேட்டு அவள் முப்பத்து நான்கு வருஷம் ஓடியிருக்கிறாள், நோயாளியை நோக்கி. அன்றும் ஓடினாள். கேட்டை மூடி, கொக்கியைச் சத்தமில்லாமல் மாட்டிவிட்டு, வீட்டை நோக்கி ஓடினாள்.

ஆறு மணிக்குப் பால்காரர் வருவார், அவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தாள். ஏழு மணிக்குச் சும்மா பார்க்க வந்ததுபோல் தானே போகலாம் என்று நினைத்தாள். குளித்தாள். பூவைக் கொட்டிவிட மனம் வராமல் படங்களுக்கு வைத்தாள். எட்டு மணிக்கு, இத்தனை நேரம் யாராவது வந்திருப்பார்கள் என்று தோன்றியது. பன்னிரண்டு மணிக்கு, இப்போது போனால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே என்று தோன்றியது. மறுநாள் காலையில் நடக்கப் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை.

புதன்கிழமை சாயங்காலம், கேட்டில் தொங்கிய பையில் மூன்று நாள் பால் பாக்கெட்டைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்தார். நர்ஸ் என்று வேணியைத்தான் கூப்பிட்டார்கள். அவள்தான் உடம்பைத் துடைத்தாள். சமையலறை வாசலில் விழுந்த ரெங்கம்மாள், நாலு அடியில் இருந்த டெலிபோனுக்குப் போகாமல், வாசல் கதவுக்கும் போகாமல், கூடம் முழுவதையும் கடந்து தோட்டத்து ஜன்னலுக்குக் கீழே வந்து கிடந்தாள். பத்து விரல் நகங்களும் தேய்ந்திருந்தன. ஏன் அங்கே போனாள் என்று எல்லோரும் கேட்டார்கள். வேணி மட்டும் கேட்கவில்லை.

டாக்டர் அவளைத் தனியே அழைத்துச் சொன்னார். “ஒன்றரை நாள் உயிர் இருந்திருக்கும் சிஸ்டர். பொண்ணுகிட்ட சொல்லிக்க வேணாம்.”

சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கிய மகள் தமிழ்மணி, வேணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“ரொம்ப கஷ்டப்பட்டாங்களா சிஸ்டர்?”

“இல்லம்மா. விழுந்த உடனே போயிருக்கும். வலியே தெரிஞ்சிருக்காது.”

கருணையுள்ள பொய் என்று டாக்டர் தலையசைத்தார். தெருவே வேணியைப் பாராட்டியது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதையும் அடக்கம் என்றார்கள்.

அந்தத் திங்கட்கிழமையிலிருந்து பதினோராவது நாள்தான் கால்விரலில் அந்தப் பூ.

செடிக்குத் தண்ணீர் ஊற்றும் சாக்கில் அன்று ரெங்கம்மாள் வீட்டுக்குப் போனாள். இந்த முறை கொக்கி சத்தம் போடட்டும் என்று விட்டாள். தமிழ்மணி உள்ளே அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தாள். தோட்டம் பூத்துக் குலுங்கியது. பறிக்க ஆளில்லாததால் கிளை வளைய வளையப் பூ. பார்த்துக்கொண்டே வந்தவளுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. என்னவென்று பிடிபடச் சிறிது நேரம் ஆயிற்று.

கீழே பூ இல்லை. முழங்கால் உயரத்துக்கு மேலே நந்தியாவட்டை வெள்ளை வெளேரென்று இருந்தது. அதற்குக் கீழே இலை மட்டும்தான். செம்பருத்தியிலும் அப்படியே. அரளியிலும் அப்படியே. கயிறு பிடித்துக் கோடு போட்டதுபோல, தோட்டம் முழுக்க ஒரே உயரம். நின்றுகொண்டு பறிக்கிறவர்கள் மேலிருந்து பறிப்பார்கள். உட்கார்ந்து பறித்தால்கூடத் தோள் உயரத்துக்குக் கை போகும்.

படுத்துக்கொண்டு பறித்தால்தான் இந்த உயரம்.

மண்ணைப் பார்த்தாள். கால்தடம் இல்லை. ஈரமான சாக்கை இழுத்துக்கொண்டு போனதுபோல் ஓர் அகலமான தடம், செடி செடியாக நின்று நின்று, கேட்டு வரை போயிருந்தது.

“என்ன சிஸ்டர் பாக்கறீங்க?” தமிழ்மணி ஜன்னலில் நின்றாள்.

“ஒண்ணுமில்லம்மா. களை.”

மறுநாள் இரண்டு கால்களிலும் பூ. அதற்கு மறுநாள் பத்து விரல் இடுக்கிலும், பாதத்தின் மேலும். கொட்டியதுபோல் அல்ல, ஒவ்வொன்றும் காம்பு கீழேயும் இதழ் மேலேயுமாக, பார்த்துப் பார்த்து வைத்தது. வைத்த முறையை அவள் அறிவாள். படங்களுக்கு அப்படித்தான் அவளும் வைப்பாள், பாதத்திலிருந்து தொடங்கி. பூவின் மீது சில இடங்களில் மண் இருந்தது. ஒரு செம்பருத்தி இதழில் நக நுனி அளவுக்கு ஒரு துண்டு ஒட்டியிருந்தது. நக நுனி அளவு அல்ல. நகம்தான்.

அன்று அவற்றை ஒரு தூக்குச் சட்டியில் போட்டு மூடிக்கொண்டு ஸ்ரீரங்கம் பஸ் ஏறினாள். அம்மா மண்டபத்துப் படித்துறையில் பகல் பதினோரு மணி வெயில். ஈர வேட்டிகளும் எள்ளும் பிண்டச் சோறும் காக்கைச் சத்தமுமாக இருந்தது. காவிரி இரு கரையும் தொட்டு ஓடியது. முழங்கால் ஆழத்தில் இறங்கித் தூக்கைத் திறந்தவளைப் படியில் உட்கார்ந்திருந்த வாத்தியார் ஒருவர் கேட்டார்.

“யாருக்கும்மா? பேரு சொல்லுங்கோ, சங்கல்பம் பண்ணிடலாம்.”

“யாருக்கும் இல்லைங்க. சும்மா பூ விட வந்தேன்.”

“சும்மா யாரும் இந்த எடத்துல பூ விடறதில்லையேம்மா.”

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. ரெங்கம்மாள் என்று அந்தப் பேரைச் சொன்னால் போதும். பேரைச் சொன்னால் உறவு என்ன என்று கேட்பார். அவள் திரும்பிக்கொண்டு பூவைத் தண்ணீரில் கவிழ்த்தாள். பக்கத்தில் யாரோ விட்ட மாலை அம்பு மாதிரி கிழக்கே போயிற்று. அவள் விட்ட பூ போகவில்லை. வட்டமாக நின்றது. பிறகு ஓட்டத்துக்கு எதிராக, மெதுவாக, ஒவ்வொன்றாக வந்து அவள் முழங்காலைத் தொட்டது. எடுத்து வீசினாள். வந்தது. மறுபடியும் வீசினாள். வாத்தியார் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வேறு படிக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அவளுக்குத் தெரிந்துவிட்டது, செய்ய வேண்டியது ஒன்றுதான் என்று. தமிழ்மணியிடம் சொல்ல வேண்டும். உங்கம்மா என்னைக் கூப்பிட்டாங்க, நான் போகல. இவ்வளவுதான். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தாள். நாலாவது வார்த்தையில் வாய் நின்றுபோனது.

பதினாறாம் நாள் கருமாதிக்குப் போய்ப் பந்தியில் கடைசியாக உட்கார்ந்தாள். தமிழ்மணியே வந்து பரிமாறினாள். “நீங்க இல்லேன்னா நான் என்ன பண்ணியிருப்பேன் சிஸ்டர். வீட்டுச் சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். அம்மா செடியை வேற யாரை நம்பி விடறது?” எல்லோரும் பார்க்க, சாவிக்கொத்தை வேணியின் கையில் வைத்தாள். இப்போது சொல்லிவிடலாம் என்று வேணி வாயைத் திறந்தாள். “சாம்பார் போதும்மா,” என்றாள்.

மறுநாள் சாயங்காலம் தமிழ்மணிக்கு விமானம். டாக்ஸியை இவள் வீட்டு வாசலில் நிறுத்தி, கையசைத்துவிட்டுப் போனாள். வேணி கேட்டைப் பூட்டி, கதவைத் தாழிட்டு, கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். விளக்கு வைக்கிற நேரம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. விளக்கு வைத்த பிறகு செடியைத் தொடக் கூடாது, அது தூங்கும் என்பார்கள். இந்த நேரத்தில் யாரும் பூப் பறிக்க மாட்டார்கள் என்று அவள் அதை ஒரு தைரியமாக நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் சத்தம் கேட்டது.

டிக்.

காம்பு ஒடிகிற சத்தம். இரண்டு வருஷம் அவளே செய்த சத்தம்.

டிக். வாசல் பக்கம். அங்கே சிமெண்ட்தான் இருக்கிறது. டிக். கூடத்தில். பவழமல்லி வாசனை ஈர மண்ணோடு சேர்ந்து கதவுக்கு அடியில் வந்தது. அதற்குப் பின்னால், நாள்பட்டுப் படுத்துக் கிடக்கும் உடம்பின் வாசனை, வார்டில் அவள் தினமும் துடைத்துச் சுத்தம் செய்த வாசனை. ஏதோ தரையில் இழுபட்டது. நின்றது. மூச்சை நிறுத்தி, வலிக்கு வழிவிட்டு, மறுபடியும் இழுபட்டது.

கால்களை மடக்கிக்கொள்ள நினைத்தாள். மடங்கவில்லை. இரண்டு கால்களும் நேராக நீட்டியபடி, சேர்ந்து இருந்தன. சிலையின் கால் மாதிரி.

போன் அடித்தது. கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. தமிழ்மணி.

“சிஸ்டர், உள்ள போகப்போறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். கேக்கவே கூடாதுன்னுதான் இருந்தேன்.”

“கேளும்மா.”

“அம்மா போனுகிட்ட போகாம எதுக்கு ஜன்னல்கிட்ட போனாங்க? யாரையோ கூப்பிடத்தானே? நீங்க அந்தப் பக்கமாதானே காலைல நடப்பீங்க. ஏதாவது சத்தம் கேட்டுச்சா?”

கட்டிலின் கால்மாட்டில் ஒரு கை ஏறியது. மெலிந்த, தோல் தளர்ந்த கை. விரல்களில் நகமில்லை. இரண்டு விரல்களுக்கு நடுவே ஒரு நந்தியாவட்டை.

“சிஸ்டர்?”

“நான் அன்னைக்கு நடக்கவே போகலம்மா. மழை.”

கை பூவை அவள் பாதத்தில் வைத்தது. குளிர்ச்சியாக இருந்தது. கை இறங்கியது. இன்னொரு பூவோடு ஏறியது.

“அப்ப யாருக்குமே கேக்கல,” என்றாள் தமிழ்மணி. குரல் உடைந்திருந்தது. “ஞாயித்துக்கெழமை அம்மாகூட சண்டை போட்டேன் சிஸ்டர். மூணு நாள் வேணும்னே போன் பண்ணல. பண்ணியிருந்தா தெரிஞ்சிருக்கும். என் தப்புதான். என்னாலதான்.”

இதோ இந்த நிமிஷம். இல்லம்மா, உன்னால இல்ல. மூன்றே வார்த்தை போதும், மற்றதெல்லாம் தானே பின்னால் வந்துவிடும். வேணியின் நாக்கு அசைந்தது. தெருவில் எல்லோருடைய முகமும், டாக்டரின் தலையசைப்பும், பந்தியில் கைக்கு வந்த சாவிக்கொத்தும் ஒன்றாக அவளைப் பார்த்தன.

“நடந்தது நடந்துபோச்சும்மா,” என்றாள். “மனச தேத்திக்க.”

முழங்காலில் ஒரு பூ.

“சரிங்க சிஸ்டர். போயிட்டு வரேன்.”

போன் அணைந்தது. அறையில் வெளிச்சம் இல்லை. வெள்ளைப் பூக்கள் மட்டும் தெரிந்தன, பாதத்தில், காலில், தொடையில், மேலே மேலே. ஒவ்வொரு பூவுக்கும் ஒரு முறை அந்தக் குரல். கோபமில்லாத குரல். நம்பிக்கையுள்ள குரல்.

பூப்பறிக்கிற அம்மா.

ஒரு பூ.

பூப்பறிக்கிற அம்மா.

ஒரு பூ.

வயிற்றில். மார்பில். கத்த நினைத்தாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். ஓடி வருவார்கள். வந்து பார்ப்பார்கள். எப்படி இத்தனை பூ என்று கேட்பார்கள்.

அவள் கத்தவில்லை.

கழுத்தில் பூ. உதட்டில் ஒன்று. கண்களை மட்டும் விட்டுவைத்தது.

திறந்திருந்த கண்களால் கால்மாட்டைப் பார்த்தாள். ரெங்கம்மாள் எழுந்து நிற்கவில்லை. இனி எந்நாளும் நிற்க முடியாது. தரையில் குப்புறக் கிடந்தாள். நரைமுடி முதுகில் பிரிந்து ஈரமாக ஒட்டியிருந்தது. நெற்றி தரையைத் தொட்டிருந்தது. இரண்டு கைகளும் தலைக்கு முன்னால் நீண்டு, உள்ளங்கைகள் ஒன்றோடொன்று கூப்பியிருந்தன. விழுந்து கிடக்கிறவளும் விழுந்து கும்பிடுகிறவளும் பார்வைக்கு ஒன்றுபோல்தான் இருப்பார்கள். அவள் அவசரப்படவில்லை. முகத்தைத் தூக்கவில்லை. வேணி இறங்கி வருவாள் என்று அப்படியே கிடந்தாள்.